மூடியைப் பார்த்தால் வருஷம் தெரியும்

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் பழைய அமெரிக்கக் கண்ணாடி உருண்டை ஒன்று உங்கள் கைக்கு வந்தால், முதலில் அதன் தலையில் இருக்கும் மூடியைப் பாருங்கள். உருண்டையின் நிறமும் கோடும் பிறகு. மூடி தகரமா, அட்டையா, அதில் ஏதாவது நாட்டின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாலே அது எந்தக் காலத்துச் சரக்கு என்று ஓரளவு சொல்லிவிடலாம். எடுத்துக்காட்டாக, அட்டை மூடி என்றால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் காலம். ஒரு விரற்கடை அளவு அட்டைத் துண்டில் ஒரு உலகப் போர் ஒளிந்திருக்கிறது.

மகள் பென்சில்வேனியா மாநிலத்தில் லான்காஸ்டர் பக்கம் இருக்கிறாள். விசா ஆறு மாதம். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் நானும் என் மனைவியும் போக இடமில்லாமல் பழைய பொருள் கடைகளுக்குப் போக ஆரம்பித்தோம். போகப் போக அது ஒரு படிப்பாகவே ஆகிவிட்டது. அங்கே தெரிந்துகொண்டதை ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

இரண்டு வகைக் கடைகள்

ஒன்று தர்மக் கடை. வீட்டில் வேண்டாத சாமான்களை ஜனங்கள் இலவசமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள்; கடைக்காரர்கள் அதைக் குறைந்த விலைக்கு விற்று, வரும் பணத்தை ஏழைகளுக்கும் வேலையில்லாதவர்களுக்கும் செலவு செய்வார்கள். இதை அங்கே த்ரிஃப்ட் கடை என்கிறார்கள். இதில் இரண்டு பெயர்கள் நாடு முழுக்கப் பிரபலம். ஒன்று குட்வில். 1902இல் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர் ஆரம்பித்தது. பணக்கார வீடுகளில் பழைய துணியும் சாமானும் வாங்கி, அதை ஏழைகளைக் கொண்டே பழுது பார்க்கச் சொல்லி, கூலியும் கொடுத்து விற்றார். இன்னொன்று நம் நாகர்கோவில்காரர்களுக்குப் புதிதல்ல. இரட்சணிய சேனை! 1865இல் லண்டனில் வில்லியம் பூத் தொடங்கியது. அவர் மனைவி பெயரில்தான் நம்மூர் கேதரின் பூத் மருத்துவமனை இருக்கிறது. அமெரிக்காவில் அந்தச் சிவப்புக் கேடயச் சின்னத்தைக் கடை வாசலில் பார்த்தபோது, வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

இரண்டாவது வகை ஆன்டிக் மால். பெரிய பழைய கிட்டங்கியைச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்து, ஒவ்வொரு அறையையும் ஒரு வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருப்பார்கள். லான்காஸ்டர் மாவட்டத்தில் ஆடம்ஸ்டவுன் என்று ஒரு சின்ன ஊர். அமெரிக்காவின் பழம்பொருள் தலைநகரம் என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு விடியும் முன்னே கையில் டார்ச் லைட்டுடன் ஆட்கள் வந்துவிடுவார்கள். தர்மக் கடையில் ஒரு பெட்டி முழுவதும் சில டாலருக்குக் கிடைக்கும்; அதே பெட்டி ஆன்டிக் மாலுக்குப் போனால் ஒவ்வொரு உருண்டைக்கும் தனித்தனியாகச் சீட்டு ஒட்டி விலை போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம், அது என்ன என்று தெரிந்திருப்பதுதான். வியாபாரி அந்த அறிவுக்குத்தான் காசு வாங்குகிறார்.

கண்ணாடி ஊதிய குடும்பங்கள்

இந்த உருண்டைகளின் பூர்வீகம் ஜெர்மனியில் துரிங்கியா மலைப்பகுதியில் இருக்கும் லௌஷா என்ற கிராமம். காட்டில் விறகும், மண்ணில் மணலும் இருந்ததால் 1597இலேயே அங்கே கண்ணாடி உலை வைத்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்துமஸ் மரத்துக்கான கண்ணாடி உருண்டைகளை ஊத ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவை கனமானவை, கிளையே வளைந்துவிடும். 1867இல் அந்த ஊருக்கு எரிவாயு ஆலை வந்தது. ஒரே சீரான சூட்டில் சுவாலை கிடைத்ததும், முட்டை ஓடு மாதிரி மெல்லிய கண்ணாடியை ஊத முடிந்தது. உருண்டை மட்டுமல்ல, அச்சில் வைத்து ஊதிப் பழம், பறவை, வீடு, தேவதூதன் என்று என்னென்னவோ செய்தார்கள்.

தொழில் முழுக்க வீட்டுக்குள்ளே நடந்தது. அப்பா சுவாலை முன் உட்கார்ந்து ஊதுவார். அம்மா சில்வர் நைட்ரேட் கரைசலை உள்ளே ஊற்றிக் குலுக்குவார்; உள்பக்கம் முழுக்க வெள்ளிப் பூச்சு பிடித்து, கண்ணாடி போலப் பளபளக்கும். காய்ந்தபின் பிள்ளைகள் வண்ணம் பூசி, கழுத்தை வெட்டி, மூடி மாட்டுவார்கள். பெண்கள் அதைப் பெரிய கூடைகளில் அடுக்கி, முதுகில் சுமந்துகொண்டு சோன்னபெர்க் நகரத்து மொத்த வியாபாரிகளிடம் கொண்டு போவார்கள். விலை சொல்லும் உரிமை வியாபாரியிடம் இருந்தது. நம் பக்கத்தில் திண்ணையில் குடும்பமாக உட்கார்ந்து பீடி சுற்றியதையும் தீப்பெட்டி ஒட்டியதையும் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஐந்து காசு, பத்துக் காசு

லௌஷாவின் கூடை அமெரிக்காவுக்குப் போன கதையில் லான்காஸ்டர் வருகிறது. ஃபிராங்க் உல்வொர்த் என்பவர் 1879இல் அந்த ஊரில்தான் தன் முதல் வெற்றிகரமான கடையைத் திறந்தார். எதை எடுத்தாலும் 5 சென்ட். பிறகு 10 சென்ட் சாமானும் சேர்ந்தது. 1880இல் பிலடெல்பியாவில் இறக்குமதி வியாபாரி ஒருவர் இந்தக் கண்ணாடி அலங்காரங்களைக் காட்டியிருக்கிறார். உல்வொர்த்துக்கு இஷ்டமில்லை. சீக்கிரம் உடையும், எதற்கு என்றே ஜனங்களுக்குத் தெரியாது என்று நினைத்தார். வியாபாரி விடவில்லை. அரை மனதாக 25 டாலர் அளவுக்கு வாங்கிப் போட்டார். இரண்டே நாளில் காலி! இது உல்வொர்த்தே பிற்காலத்தில் சொன்ன கதை. 1890இல் அவரே ஜெர்மனிக்குக் கப்பலேறிப் போய், லௌஷா குடும்பங்களின் சரக்கை லட்சக்கணக்கில் வாங்கும் நிலைக்கு வந்தார். 1913இல் நியூயார்க்கில் அவர் கட்டிய கட்டடம் அந்நாளில் உலகிலேயே உயரமானது. ஐந்து காசும் பத்துக் காசும் சேர்ந்து கட்டிய கோபுரம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் பாட்டி காலத்துச் சம்பிரதாயம் என்று இன்று பத்திரமாக எடுத்து வைக்கும் பொருள், பாட்டி அன்று மிட்டாய் வாங்கும் காசுக்கு வாங்கியதுதான். விலை உயர்ந்தது என்பதால் யாரும் அதைக் காப்பாற்றவில்லை. வருஷத்தில் இரண்டு மூன்று வாரம் மட்டும் வெளியே வந்து, மீதி நாள் பெட்டிக்குள் தூங்கியதால் அது தப்பித்தது.

போர் வந்தது, மூடி மாறியது

மாக்ஸ் எக்கார்ட் என்பவர் ஜெர்மனியில் பிறந்தவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இந்த உருண்டைகளை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்தவர். முதல் உலகப் போரில் வரத்து நின்றுபோனதைப் பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1930களின் கடைசியில் இன்னொரு போர் வரப்போகிறது என்று தெரிந்ததும், சரக்கை அமெரிக்காவிலேயே செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். 1937இல் ஷைனி பிரைட் என்ற கம்பெனியைத் தொடங்கினார். உல்வொர்த் கடைக்காரர்களும் அவரும் சேர்ந்து கார்னிங் கண்ணாடிக் கம்பெனியை அணுகினார்கள்.

கார்னிங் கம்பெனிக்கு அதே பென்சில்வேனியா மாநிலத்தின் வடக்கே வெல்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை இருந்தது. அங்கே மின்சாரப் பல்பு செய்யும் ரிப்பன் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உருகிய கண்ணாடி ஒரு நாடா மாதிரி ஓடிவரும். அடியில் உள்ள துளைகள் வழியாகத் தொய்யும். மேலிருந்து காற்றை ஊத, கீழே அச்சு வந்து பிடித்துக்கொள்ளும். பல்பு ஊதுகிற இயந்திரம் உருண்டை ஊதாதா? ஊதியது. 1939 டிசம்பரில் சுமார் 2,35,000 உருண்டைகள் உல்வொர்த் கடைகளுக்குப் போயின. விலை 2 சென்டிலிருந்து 10 சென்ட் வரை. 1940இல் ஒரு நாளைக்குச் சுமார் 3 லட்சம் வந்தது. லௌஷாவில் கை தேர்ந்த ஒருவர் நாள் முழுக்க ஊதினால் 600.

முதல் வருஷம் வெளிப்பக்கம் மட்டும் வண்ணம். அடுத்த வருஷத்திலிருந்து உள்ளே வெள்ளிப் பூச்சும் கொடுத்தார்கள். வெறும் உருண்டையை கார்னிங் செய்யும். எக்கார்ட் கம்பெனி அதை வாங்கிக் கோடு போட்டு, மூடி மாட்டி, அட்டைப் பெட்டியில் ஒரு டஜன் என்று அடுக்கும். நியூஜெர்சியில் அந்த வேலை நடந்தது.

1941 டிசம்பரில் அமெரிக்காவும் போரில் இறங்கியது. வெள்ளி, தகரம், உலோகம் எல்லாம் போருக்குத் தேவை. அலங்காரத்துக்கு யார் கொடுப்பார்கள்? முதலில் உள்பக்கத்து வெள்ளிப் பூச்சு போனது. உருண்டை தண்ணீர் மாதிரித் தெளிவாக, மெல்லிய வண்ணக் கோடுகளோடு வந்தது. உள்ளே வெறுமையாகத் தெரியாமல் இருக்கச் சிலவற்றில் ஒரு துண்டு ஜிகினாவைச் செருகிவிட்டார்கள். பிறகு தகர மூடி போய், மடித்த அட்டைத் துண்டு வந்தது. கொக்கிக்குப் பதில் நூல். போர் முடிந்தபின் வெள்ளிப் பூச்சும், விளிம்பு வளைவு வளைவான தகர மூடியும் திரும்பி வந்தன. மூடியின் மேல் கம்பெனி பெயரே பொறித்திருக்கும். பெட்டியின் மேல் சாண்டா கிளாஸும், நட்சத்திரத் தொப்பி போட்ட அங்கிள் சாமும் கைகுலுக்குகிற படம் இருக்கும். ஜெர்மன் சரக்கு வேண்டாம், இது நம் நாட்டுச் சரக்கு என்று வாங்குகிறவருக்குச் சொல்லாமல் சொல்கிற படம்.

கடையில் இந்தத் தெளிவான, அட்டை மூடி உருண்டைகளை ஆரம்பத்தில் யாரும் எடுக்கமாட்டார்கள். பார்க்கச் சோகையாக இருக்கும். தெரிந்தவர்கள்தான் தேடி எடுப்பார்கள். நான் முதன்முதலில் அட்டை மூடி ஒன்றைத் தொட்டுப் பார்த்தபோது மனதில் வந்தது வேறு. மகன் எங்கோ பசிபிக் கடலில் கப்பலில் இருக்கிறான், வீட்டில் அம்மா மரத்தை மட்டும் விடாமல் ஜோடிக்கிறாள். பளபளப்பில்லாத உருண்டை போதும், மரம் இருக்க வேண்டும் என்று நினைத்த வீடுகள் எத்தனையோ இருந்திருக்கும்.

முத்திரைகளைப் படிப்பது

மூடியை அடுத்துப் பார்க்க வேண்டியது முத்திரை. வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் ஒரு சட்டம் போட்டது. அடுத்த வருஷம் நடைமுறைக்கு வந்தது. அதனால் தேடுகிறவனுக்குப் பெரிய உபகாரம்.

ஜெர்மனி என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் போருக்கு முந்தியது. மேற்கு ஜெர்மனி என்றால் 1949க்கும் 1990க்கும் நடுவில். போருக்குப் பின் லௌஷா கிழக்கு ஜெர்மனியில் மாட்டிக்கொண்டது. அங்கிருந்து எல்லை தாண்டி மேற்கே வந்த கண்ணாடிக்காரர்கள் சிலர் பக்கத்திலேயே தொழிலைத் தொடர்ந்தார்கள். ஆகவே ஒரே கைப்பக்குவம், இரண்டு நாட்டு முத்திரை.

ஜப்பான் சரக்கு தனிக் கதை. 1920களிலும் 30களிலும் ஜப்பானிலிருந்து அட்டையில் செய்த குட்டி வீடுகளும் கோயில்களும் ஏராளமாக வந்தன. கூரையில் பனி மாதிரி அப்பிரகத் தூள் தூவியிருக்கும். சன்னலில் வண்ணச் செலோபேன். பின்பக்கம் ஒரு ஓட்டை. அதில் பல்பைச் செருகினால் வீட்டுக்குள் விளக்கு எரியும். மரத்தின் அடியில் இவற்றை வரிசையாக வைத்து ஒரு கிராமமே அமைப்பார்கள். பென்சில்வேனியாவில் இதற்கு புட்ஸ் என்று பெயர். மொரேவியச் சபையார் கொண்டுவந்த ஜெர்மன் வழக்கம். அவர்கள் 1741இல் உருவாக்கிய பெத்லகேம் என்ற ஊர் இன்றும் அந்த மாநிலத்தில் இருக்கிறது. இதே மொரேவியச் சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பாசியும் மணலும் பரப்பிக் குடில் வைக்கிற நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு புட்ஸ் கிராமத்தைக் காட்டினால் கேள்வியே கேட்காமல் உட்கார்ந்துவிடுவார்கள்.

போர் வந்ததும் அந்த ஜப்பான் வீடுகளும் நின்றன. போருக்குப் பின் அமெரிக்கப் படை ஜப்பானை ஆண்ட காலத்தில், ஏற்றுமதிச் சரக்கில் ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்தினார்கள். சுமார் 1947 முதல் 1952 வரைதான். ஒரு சின்னப் பீங்கான் தேவதூதனைத் திருப்பினால் அடியில் அந்த வார்த்தை. தோற்ற நாடு ஜெயித்த நாட்டின் பண்டிகைக்குப் பொம்மை செய்து அனுப்பிப் பிழைத்திருக்கிறது.

முத்திரையே இல்லாவிட்டால் பெட்டியைப் பாருங்கள். அமெரிக்காவில் ஜிப் கோடு வந்தது 1963இல். முகவரியில் அந்த ஐந்து இலக்கம் இருந்தால் அதற்குப் பிந்தியது. நமக்குப் பின்கோடு வந்தது 1972இல். நம் வீட்டுப் பழைய பெட்டிகளுக்கும் இதே சோதனை பொருந்தும். பார்கோடு கடைக்கு வந்தது 1974இல். கோடு கோடாக அது இருந்தால் பழசு என்று சொல்லி விற்பவரிடம் சிரித்துவிட்டு நகரலாம். ஷைனி பிரைட் பெயரிலேயே பழைய மாதிரிப் பெட்டியோடு இப்போது புதிதாகவும் வருகிறது. அழகாகவே இருக்கும். ஆனால் பழசு அல்ல.

அலுமினிய மரமும் கொதிக்கும் விளக்கும்

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1946இல் நோமா கம்பெனி ஒரு விளக்கைக் கொண்டுவந்தது. மெழுகுவர்த்தி மாதிரி கண்ணாடிக் குழல். உள்ளே சுலபமாகக் கொதிக்கும் ஒரு திரவம். அடியில் இருக்கும் பல்பின் சூட்டிலேயே கொதித்துக் குமிழி குமிழியாக மேலே போகும். இன்றும் பழசு சில எரிகின்றன.

1959இல் விஸ்கான்சின் மாநிலத்து மானிடோவாக் ஊரில் ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனி, எவர்கிளீம் என்ற பெயரில் அலுமினியக் கிறிஸ்துமஸ் மரம் விற்க ஆரம்பித்தது. முழுக்க உலோகம் என்பதால் அதில் மின்விளக்குச் சரம் சுற்றக்கூடாது, ஷாக் அடிக்கும். ஆகவே கீழே ஒரு விளக்கு, அதன் முன்னால் சுழலும் வண்ணச் சக்கரம். மரம் ஒரு நிமிஷம் சிவப்பு, ஒரு நிமிஷம் நீலம். நம் திருவிழா நாடக மேடையில் நடனத்துக்குச் சுற்றுவார்களே, அதேதான். சில வருஷம் ஓஹோ என்று ஓடியது. 1965 டிசம்பரில் சார்லி பிரவுன் என்ற சிறுவனின் கார்ட்டூன் படம் தொலைக்காட்சியில் வந்தது. அதில் பகட்டான அலுமினிய மரங்களை விட்டுவிட்டு ஒரு நோஞ்சான் நிஜ மரத்தை அவன் எடுத்து வருவான். அதன்பின் அலுமினிய மரத்துக்கு மவுசு குறைந்தது. பலரும் பரணில் போட்டுவிட்டார்கள். இன்று அதே மரத்தைப் பெட்டியோடு கண்டுபிடித்தால் வியாபாரிகள் கண்ணில் விளக்கு எரியும்.

வாங்குகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. பழைய வெள்ளி ஜிகினா இழை கனமாக, நேராகத் தொங்கினால் அது ஈயம். குழந்தைகளுக்கு ஆகாது என்று 1972இலிருந்து அமெரிக்காவில் நிறுத்திவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். துணி சுற்றிய பழைய ஒயர் விளக்குகளைப் பார்த்து ரசிக்கலாம். பிளக்கில் செருக வேண்டாம். கண்ணாடி உருண்டையை ஒருபோதும் தண்ணீரில் கழுவாதீர்கள். அழுக்கோடு வண்ணமும் வெள்ளியும் சேர்ந்து போய்விடும். மெல்லிய உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

ஒரு பெட்டியின் மூடிக்குள்

இத்தனையும் எங்கிருந்து கடைக்கு வருகிறது என்பதை இன்னும் சொல்லவில்லை. தர்மக் கடையின் பின்வாசலில் கார்கள் வந்து நிற்கும். நடுத்தர வயதுப் பிள்ளைகள் இறங்கி, டிக்கியிலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்குவார்கள். அம்மா இறந்துபோயிருப்பார், அல்லது முதியோர் இல்லத்துக்குப் போயிருப்பார், வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பிள்ளைகள் வேறு மாநிலத்தில் வேலை பார்க்கிறவர்கள். அவர்கள் வீட்டில் பிளாஸ்டிக் மரம் விளக்கோடு தயாராக இருக்கிறது. கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இடம் இல்லை, நேரம் இல்லை. கிறிஸ்துமஸ் சாமான் எந்த மாதம் வந்தாலும் கடைக்காரர்கள் உள்ளறையில் சேர்த்து வைத்து, வருஷக் கடைசியில்தான் வெளியே எடுப்பார்கள்.

அப்படி ஒரு நவம்பரில், ஒரு தர்மக் கடையில் என் மனைவி ஒரு ஷைனி பிரைட் பெட்டியை எடுத்து நீட்டினாள். சாண்டாவும் அங்கிள் சாமும் கைகுலுக்கும் படம் போட்டது. விலை 3 டாலர். பன்னிரண்டு குழிகளில் ஐந்து உருண்டைகள்தான் இருந்தன. நான்குக்குத் தகர மூடி. ஒன்றுக்கு அட்டை.

மூடியைத் திருப்பினேன். உள்பக்கம் பென்சிலால் வரிசையாக எழுதியிருந்தது. 1947, பக்கத்தில் 12. 1948, 12. 1949, 11. அப்படியே ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு வரி. மரத்தைக் கலைத்துத் திரும்ப அடுக்கும்போது எண்ணி எழுதியிருக்கிறார்கள். 1956இல் திடீரென்று 11 போய் 8. பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை: பூனை. நடுவில் இரண்டு வருஷம் எழுத்தே இல்லை. அந்த வருஷங்களில் மரம் வைக்கவில்லையா? 1970களில் எழுத்து நடுங்க ஆரம்பிக்கிறது. கடைசி நான்கு வரி வேறு கையெழுத்து, பால்பாயின்ட் பேனா. கடைசி வரி 1988, 5.

கடை மேஜையில் இருந்த அம்மாளிடம் காட்டினேன். எழுபது வயது இருக்கும். சம்பளம் இல்லாமல் சேவைக்கு வருகிறவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார்.

"யார் கொடுத்தார்கள் என்று தெரியுமா?" என்று கேட்டேன்.

"நாங்கள் பெயர் கேட்பதில்லை ஐயா. எல்லாம் ஒரே குவியலில்தான் வரும்" என்றார். கொஞ்ச நேரம் பெட்டியைக் கையிலேயே வைத்திருந்துவிட்டுத்தான் பையில் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகள், "இதையெல்லாம் சூட்கேசில் எப்படிப்பா கொண்டு போவீங்க?" என்றாள். கொண்டுவரவில்லை. அவள் வீட்டு மரத்திலேயே அந்த ஐந்தையும் மாட்டிவிட்டோம்.

அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவு. கண்ணாடி வெல்ஸ்பரோவில் ஊதியது. கோடு நியூஜெர்சியில் போட்டது. பெட்டி போருக்குப் பிந்தியது. அட்டை மூடி உருண்டை போர்க்காலத்தது. வீட்டில் முன்பே இருந்ததைப் பிறகு இந்தப் பெட்டியில் சேர்த்திருக்கலாம். கம்பெனியின் வரலாறு புத்தகத்திலே இருக்கிறது, முத்திரையிலே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் நாற்பது வருஷம் எண்ணி எழுதிய அந்த அம்மாள் யார்? அம்மாளா, ஐயாவா? அந்த இரண்டு வருஷம் என்ன நடந்தது? பேனாவில் எழுதியது மகளா? இதற்கு எந்த மூடியிலும் பதில் இல்லை. எழுதியதால்தான் இந்தக் கேள்வியாவது எனக்கு வந்தது. பக்கத்திலேயே எழுத்து இல்லாத பத்துப் பெட்டிகள் இருந்தன. அவற்றைத் திறந்து பார்த்து, மூடி வைத்துவிட்டேன்.

நம் பரணுக்கு வருவோம். நம் வீடுகளிலும் பெட்டி இருக்கிறது. சவுக்குக் கிளையை வெட்டி வாளியில் நட்டு ஜோடித்த காலத்து ஜிகினா இருக்கும். தாத்தா ரங்கூனிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கொண்டுவந்த ஏதாவது ஒன்று இருக்கும். கை உடைந்த சூசையப்பர் இருப்பார். இந்து வீடுகளில் கொலுப் பெட்டி. பழந்துணியில் சுற்றிய செட்டியார் பொம்மையும் மரப்பாச்சியும். எது யார் சீதனமாக வந்தது, எது எந்த வருஷம் எந்தத் தேரோட்டத்தில் வாங்கியது என்பது நம் தலைக்குள் மட்டும் இருக்கிறது. நம் பிள்ளைகளும் வெளியூர்க்காரர்கள்தான். அவர்களுக்கும் நாளை ஒரு வார லீவில் வீட்டைக் காலி செய்ய வேண்டி வரும். நம்மூரில் தர்மக் கடைகூட இல்லை; பழைய பேப்பர்காரர் தராசுதான்.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். இந்த வருஷம் பெட்டியை இறக்கும்போது மூடியின் உள்பக்கம் எழுதுங்கள். என்ன பொருள், யார் வாங்கியது, எந்த வருஷம், எங்கே. உடைந்திருந்தால் யார் உடைத்தது என்பதையும் எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் முதலில் படிப்பது அதைத்தான். பேனா வேண்டாம், ஈரம் பட்டால் மை பரவிவிடும். பென்சில் போதும்.